ஏரியைப் பத்தி எழுதக் கூடாது

தூத்துக்குடி
24.5.2025

அன்புத் தங்கச்சி அனிஷாவுக்கு,

மாதா புண்ணியத்துல நானும் பிள்ளைங்க ரெண்டும் இங்கன சுகம். உங்க அத்தான் கப்பல் இப்போ ஓமன் பக்கம் நிக்குதாம், அவங்களும் சுகம். நீயும் கிளாட்வின் தம்பியும் சுகமா இருக்கணும். சரி, சுகம் விசாரிச்சாச்சு. இனி நான் ஏசப் போறேன்.

உன் நம்பரை பிளாக் பண்ணினது தெரிஞ்சிருக்கும். போன்ல பேசினா ரெண்டாவது நிமிஷம் நீ அழுவே, மூணாவது நிமிஷம் நான் 'சரி விடுளா'ன்னு சொல்லிருவேன். வாட்ஸ்அப்ல கேட்டா ஒரு கும்பிடுற பொம்மையைப் போட்டுட்டுப் போயிருவே. பேப்பர்ல ரெண்டும் நடக்காது. ஹாஸ்டல்ல இருந்தப்போ வாரம் தவறாம எனக்கு எழுதினவதானே நீ. எழுது.

என்ன சொல்லிக் கூட்டிட்டுப் போனே? போபால்ல ஊருக்கு நடுவுல கடல் மாதிரி ஏரி இருக்கு, படகு இருக்கு, புலி இருக்கு, மலைக்கு மேல கம்பியில போற வண்டி இருக்கு, இருபது நாள் பிள்ளைங்களைத் தரையில கால் வைக்க விட மாட்டேன்னு சொன்னே. நான் என்ன பண்ணினேன்? ஜெனிஸுக்கும் ஜெனோவுக்கும் ஆளுக்கு ரெண்டு தொப்பி, நீச்சல் டிரஸ், வெயில்ல பூசுற கிரீம் எல்லாம் வாங்கி, எங்கெங்க போகணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்து அனுப்பினேன். பத்தாம் நாளே கிளாட்வின் தம்பி பிள்ளைங்களைக் கொண்டாந்து வாசல்ல விட்டுட்டு, ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காமத் திரும்பிப் போனாரு. முகத்தைக்கூடப் பாக்கலை. என்ன மரியாதை இது?

ஜெனிஸ்கிட்ட எங்கெல்லாம் போனீங்கன்னு கேட்டா, 'படகுல போனோம், மயில் பாத்தோம், அப்புறம் டிவி பாத்தோம்'ங்கா. எத்தனை நாள் டிவின்னா, அஞ்சு நாளாம்! ஏளா, டிவி பாக்கவா என் பிள்ளைங்களை ரெண்டு ராத்திரி ரயில்ல கூட்டிட்டுப் போனே? அந்த நீச்சல் டிரஸ் மடிப்புக் கலையாமத் திரும்பி வந்திருக்கு. கிளம்புறப்போ படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, இது துறைமுகத்துப் பிள்ளைங்க, உங்க அத்தான் ஒவ்வொரு லீவுலயும் கடல்ல எறக்கிப் பழக்கின பிள்ளைங்க, உங்க ஊரு ஏரியில தாராளமா விடு, நடுங்காதேன்னு. நீ எங்கன விட்டே?

எதிர்வீட்டு பேச்சித்தாய் தினமும் கேக்கா, 'உங்க தங்கச்சி என்னெல்லாம் காட்டினா?'ன்னு. நான் என்னத்தைச் சொல்ல?

பதில் போடு. உனக்குத் தின்ன மக்ரூன் அனுப்பணும்னு நெனைச்சேன். அனுப்பலை.

கோவம் தீராத அக்கா,
விஜிலா


போபால்
3.6.2025

என் பாசமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் சுகம். நீ, பிள்ளைங்க, அத்தான் எல்லாரும் சுகமா இருக்க மாதாவை வேண்டிக்கிடுதேன்.

கோவப்படாதேக்கா. இவங்களுக்கு ஆபீஸ்ல திடீர்னு அவசர வேலை வந்துட்டு. இங்க வெயிலும் நாப்பத்து மூணு டிகிரி. ரோட்டுல நின்னா செருப்பு ஒட்டுது. அதான் வீட்டுக்குள்ளேயே வச்சிருந்தோம்.

ஆனா போன வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. படகுல போனப்போ ஜெனிஸ்தான் பெடல் போட்டா. 'எங்க அப்பா கப்பல் இதைவிட ஆயிரம் மடங்கு பெருசு'ன்னு படகுக்காரர்கிட்ட தமிழ்லயே சொன்னா, அவரும் தலையை ஆட்டினாரு. ஜெனோ ஏரித் தண்ணியை விரலால தொட்டு நக்கிப் பாத்துட்டு, 'சித்தி, இதுல உப்புப் போட மறந்துட்டாங்க'ன்னான். பக்கத்துப் படகுல இருந்தவங்க திரும்பிப் பாக்குற அளவுக்கு நாங்க சிரிச்சோம். மறுநாள் புலி பாக்கப் போனோம். புலி மரத்தடியில நல்லாத் தூங்கிட்டு இருந்துச்சு. ஜெனோ கம்பிக்கு வெளிய நின்னு, 'ஏலே எந்திரி, தூத்துக்குடியில இருந்து வந்திருக்கேன்'னு கத்தினான். மயில் மட்டும் முழுசாத் தோகை விரிச்சுக் காட்டுச்சு.

மிச்ச இடத்தையெல்லாம் அடுத்த வருஷம் காட்டுதேன்.

ஜெனோ நல்லா சாப்பிடுதானா? சளி, இருமல் ஒண்ணும் இல்லையே?

உன்
அனிஷா


தூத்துக்குடி
12.6.2025

அனிஷாவுக்கு,

சுகம். நீயும் சுகமா இரு.

அவசர வேலையாம், வெயிலாம்! இங்கன என்ன பனியா கொட்டுது? மே மாசத்துல போபால்ல வெயில் அடிக்கும்னு ஏப்ரல்ல தெரியாதோ?

இப்போ நான் கேக்குறது வேற. என் பிள்ளையை என்ன பண்ணி வச்சிருக்கே? அஞ்சு வயசுப் பையன், மழை பெஞ்சா ஜட்டியோட தெருவுல நிப்பான். அவன் இப்போ குளிக்கமாட்டேங்கான். தலையில ஒரு செம்புத் தண்ணி ஊத்தினா, தெருவே கூடுற மாதிரி அலறுதான். ஈரத்துணியால தொடைச்சுத்தான் ஸ்கூலுக்கு அனுப்புதேன். அஞ்சு நாள் ஏசியில உக்கார வச்சு வெந்நீர்லயே குளிப்பாட்டிப் பழக்கிட்டியா? இல்ல, தண்ணிக்குள்ள பேய் இருக்கு, பூதம் இருக்குன்னு கதை சொல்லி நடுங்க வச்சியா?

கேளு, இதைக் கேளு. உன்னாலதான் லீவு வீணாப் போச்சுன்னு, போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நானே பிள்ளைங்களை முயல் தீவுக்குக் கூட்டிட்டுப் போனேன். புளிச்சாதம், முட்டை, நுங்கு எல்லாம் கட்டிக்கிட்டுப் போனேன். பேச்சித்தாயும் அவ பிள்ளைங்களோட வந்தா. அவ பிள்ளைங்க எல்லாம் தண்ணியில கெடந்து கும்மாளம் போடுது. என் பிள்ளை மணல்ல, என் சேலைக்குள்ள தலையை விட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். அலை காலைத் தொட்டா என் கழுத்துல ஏறுதான். பேச்சித்தாய் விட்டாளா? 'என்னக்கா, கப்பல்காரர் பிள்ளை கடலைப் பாத்து ஓடுதான்'னு எல்லாருக்கும் கேக்கச் சொன்னா. எனக்கு மானமே போயிட்டு. கட்டின சோத்தை அப்படியே திருப்பிக் கொண்டாந்தேன்.

நல்லா இருந்த பிள்ளையை அனுப்பினேன். பயந்த பிள்ளையைத் திருப்பித் தந்திருக்கே. என்ன நடந்துச்சுன்னு மறைக்காம எழுது.

விஜிலா


போபால்
20.6.2025

அன்பு அக்காவுக்கு,

சுகம். உன் சுகத்தையும் எழுது.

ஜெனோவைக் கட்டாயப்படுத்தித் தண்ணி ஊத்தாதேக்கா. துணியால தொடைச்சா போதும். கொஞ்ச நாள் கடலுக்கும் வேண்டாம். ஏசுறதுன்னா என்னை ஏசு, அவனை ஒண்ணும் சொல்லாதே.

உனக்குப் புண்ணியமாப் போகும், ஒரே ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டி அவன் நெஞ்சை நல்லாப் பாக்கச் சொல்லு. ஏன்னு கேக்காதே.

அனிஷா


தூத்துக்குடி
30.6.2025

அனிஷா,

இந்தத் தடவை சுகம் விசாரிக்க மனசு வரலை.

ஏன்னு கேக்காதேயாமே! பெத்தவ நான், ஏன்னு கேக்காம வேற யாரு கேப்பா?

இன்னைக்கு ஸ்கூல்ல இருந்து போன் வந்துச்சு. ஜெனிஸோட தமிழ் டீச்சர் பிளாரன்ஸ் என்னை வரச் சொன்னாங்க. 'கோடை விடுமுறையில் நான் கண்ட இடம்'னு மூணாங்கிளாஸ் பிள்ளைங்களைக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்காங்க. எல்லாப் பிள்ளையும் கொடைக்கானல், குற்றாலம்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கு. உன் அக்கா மவ எழுதினது ரெண்டே வரி. அப்படியே எழுதுதேன், படி:

'போபாலில் ஒரு பெரிய ஏரி உள்ளது. அந்த ஏரியைப் பற்றி எழுதக் கூடாது என்று சித்தி சொல்லியிருக்கிறார்கள்.'

டீச்சர் மூக்குக்கண்ணாடியை எறக்கிட்டு என்னையே பாக்காங்க. நான் நின்ன இடத்துல பூமி பொளக்காதான்னு நின்னேன்.

ஏளா, எட்டு வயசுப் பிள்ளைகிட்டப் போயி, அம்மாகிட்டச் சொல்லாதேன்னு சொல்லிக் குடுத்திருக்கியே, நீ எல்லாம் ஒரு சித்தியா? ஊர்ல கண்டவன் கண்டதைச் சொல்லி மிரட்டினா எங்கிட்ட வந்து சொல்லணும்னு, அந்தப் பிள்ளை பால்குடி மறந்த நாள்ல இருந்து நான் சொல்லி வளக்கேன். நீ ஒரே வாரத்துல அதுல மண்ணள்ளிப் போட்டுட்டே. வீட்டுக்கு வந்து அவளை உக்கார வச்சுக் கேட்டேன். அடிக்கலை, மெதுவாத்தான் கேட்டேன். 'சித்திகிட்டக் கேளுங்கம்மா'ன்னு சொல்லிட்டு வாயைத் தைச்சுக்கிட்டா. சத்தியம் வாங்கியிருக்கியாமே!

உனக்கு என்ன தெரியும்? வயித்துல சுமந்து ஒரு பிள்ளையைப் பெத்திருந்தா, அடுத்தவ பிள்ளையை எப்படிப் பாத்துக்கணும்னு தெரிஞ்சிருக்கும்.

திருவிழாவுக்கு வருஷா வருஷம் வாரியே, இந்த வருஷம் என் வீட்டுக்கு வர வேண்டாம். இனி எந்த லீவுக்கும் என் பிள்ளைங்களை உங்கிட்ட விடமாட்டேன்.

விஜிலா


தூத்துக்குடி
21.7.2025

அனிஷாவுக்கு,

நாங்க சுகம். நீங்க ரெண்டு பேரும் சுகமான்னு தெரியலை. மூணு வாரமாச்சு, பதில் இல்லை.

ஏசினா திருப்பி ஏச வேண்டியதுதானே! வாய்ல என்ன கொழுக்கட்டையா? சின்னதுல என் முடியைப் பிடிச்சு இழுத்துச் சண்டை போட்டவதானே நீ. இப்போ மட்டும் என்ன பெரிய மனுஷி மாதிரி மௌனம்? தபால்காரர் நம்ம தெருவுக்குள்ள நுழையிற நேரம் பாத்து எனக்குத்தான் வாசல்ல ஏதாவது வேலை வருது. அவர் கரண்டு ஆபீஸ் கடுதாசியைத் தந்துட்டுப் போறாரு.

பிளாக்கை எடுத்துட்டேன். நான் கூப்பிட மாட்டேன். நீ வேணும்னா கூப்பிட்டுக்கோ.

வர்ற சனிக்கிழமை மாதா கோயில்ல கொடியேத்தம். வர வேண்டாம்னு எழுதினேன்தான். கோவத்துல ஆயிரம் எழுதுவேன், அதையெல்லாம் நீ எப்போ கேட்டிருக்கே? போன கடிதத்துல ஒரு வரி எழுதியிருந்தேன், எதுன்னு உனக்குத் தெரியும். போஸ்ட் பாக்ஸ்ல போட்டுட்டுத் திரும்பி நடக்குறப்போவே கையை விட்டு எடுக்கலாமான்னு பாத்தேன். கை போகலை.

உன் ரூமைக் கூட்டி வச்சிருக்கேன்.

விஜிலா


தூத்துக்குடி
7.8.2025

என் தங்கச்சி அனிஷாவுக்கு,

நீ சுகமா இருக்கியாளா? அதை மட்டுமாவது எழுது.

திருவிழா முடிஞ்சுது. சப்பரம் நம்ம தெருமுனைக்கு வந்தப்போ ஒவ்வொருத்தரும், 'அனிஷா வரலையா, அனிஷா வரலையா'ன்னு கேட்டாங்க. உடம்பு சரியில்லைன்னு சொன்னேன். மாதா முன்னால நின்னு பொய் சொல்ல வச்சிட்டே, போ.

நீ கேட்டபடி ஜெனோவை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன், சொல்லிடுதேன். நெஞ்சு சுத்தமா இருக்குன்னாரு. குளிக்கப் பயப்படுதான்னு சொன்னதும் பேனாவைக் கீழ வச்சாரு. 'இவன் எங்கேயாவது தண்ணியில முங்கினானா?'ன்னு கேட்டாரு. 'இல்லவே இல்லை டாக்டர்'னு நான் சட்டுன்னு சொல்லிட்டேன். பக்கத்துல நின்ன ஜெனிஸ் என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சா. ஆட்டோவுல வீடு வந்து சேர்ற வரைக்கும் அழுதா. நான் ஒண்ணும் கேக்கலை. கேக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஏச வரலைளா. பயமா இருக்கு. என்ன நடந்துச்சுன்னு சொல்லிரு.

அக்கா


போபால்
14.8.2025

அக்காவுக்கு,

நான் சுகம். இவங்களும் சுகம். ஜெனோ நெஞ்சு சுத்தம்னு படிச்சதும் கடிதத்தைக் கீழ வச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன்.

எல்லாத்தையும் சொல்லுதேன். நடுவுல நிறுத்தினா என்னால முடியாது, அதனால ஒரே மூச்சா எழுதுதேன்.

மே பத்தாம் தேதி, சனிக்கிழமை. சாயங்காலம் ஏரிக்கரையில ஒரு படித்துறைக்குப் போனோம். அங்க எல்லாப் பிள்ளைங்களும் குளிச்சிட்டு இருந்துச்சு. இவங்க ஜெனிஸுக்குச் சோளக்கதிர் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனாங்க. நீச்சல் டிரஸ்ஸைக் கூட மாத்தலை, ஜெனோ போட்டிருந்த சட்டை டவுசரோட ரெண்டு படி எறங்கினான். நான் அவன் கையைப் பிடிச்சிருந்தேன். 'விடுங்க சித்தி, எனக்குத்தான் நீச்சல் தெரியுமே, அம்மா உங்ககிட்டச் சொல்லலையா?'ன்னான். நீ சொல்லியிருந்தே. நடுங்காதேன்னும் சொல்லியிருந்தே. நமக்குத்தான் யாரும் சொல்லித் தரலை, பிள்ளைங்களுக்காவது அத்தான் சொல்லித் தந்தாங்களேன்னு நான் பெருமைப்பட்டுக்கிட்டே கையை விட்டேன்.

நம்ம ஊர்க் கரை மாதிரி இல்லைக்கா அது. நம்ம ஊர்ல நடக்க நடக்கத்தான் முட்டி, இடுப்புன்னு தண்ணி ஏறும். இங்க பாசி பிடிச்ச படி. நாலாவது படிக்கு அப்புறம் படியே இல்லை. ஒரு சத்தமும் வரலை. இப்போ இருந்தான், இப்போ இல்லை. முங்கி விளையாடுதான்னு நான் நெனைச்சேன். கடல் பிள்ளைதானேன்னு சிரிச்சுக்கிட்டே நின்னேன்க்கா. அந்தச் சிரிப்பை நெனைச்சாத்தான் எனக்குச் சாகலாம்போல இருக்கு.

ஜெனிஸ் 'சித்தி'ன்னு கத்தினதும் குதிச்சேன். எனக்கு நீச்சல் தெரியாதுன்னு உனக்குத் தெரியும். அவன் சட்டை கையில அம்பிட்டுது, ஆனா காலுக்குத் தரை அம்பிடலை. துணி துவைச்சிட்டு இருந்த ஒரு அம்மா ஈரச் சேலையை வீசினா. நான் ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டேன், மறு முனையை அவளும் ஜெனிஸும் சேந்து இழுத்தாங்க. எட்டு வயசுப் பிள்ளை, படியில உக்காந்து காலை உந்திக்கிட்டு இழுத்தா. உன் மகதான் எங்க ரெண்டு பேரையும் கரையேத்தினா.

ஜெனோ வாயில இருந்து தண்ணி வந்துச்சு, அப்புறம் இருமினான். ஆஸ்பத்திரியில ஒரு நாள் வச்சுப் பாத்தாங்க. அஞ்சு நாள் வெளிய அலைய விடாதீங்க, மூச்சைக் கவனிச்சுக்கிட்டே இருங்கன்னாங்க. நீ ஏசினியே, அந்த அஞ்சு நாள் டிவி அதுதான். டிவியை அவன் பாத்தான், நான் அவன் நெஞ்சைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஜெனிஸ்கிட்டச் சத்தியம் வாங்கினது தப்பு. பெரிய தப்பு. தெரிஞ்சா இனி நீ பிள்ளைங்களை அனுப்ப மாட்டேன்னு பயந்தேன். வருஷத்துல அந்த இருபது நாளுக்காகத்தான் நான் பதினொரு மாசம் இருக்கேன், அதான்.

திருவிழாவுக்கு வராததும் பதில் போடாததும் கோவத்தால இல்லை. நீ எழுதின அந்த வரி உண்மைன்னு தோணிட்டு. பெத்தவளா இருந்தா கையை விட்டிருக்க மாட்டா. நான் விட்டேன்.

இனி அனுப்ப வேண்டாம்க்கா. நானே சொல்லுதேன்.

அனிஷா


தூத்துக்குடி
22.8.2025

என் கண்ணே அனிஷா,

நாங்க சுகமா இருக்கோம்னா அது உன்னாலயும் அந்த முகம் தெரியாத அம்மாவாலயும்தான். அவளுக்காக மாதா கோயில்ல பூசைக்குக் குடுத்திருக்கேன். பேர் கேட்டாங்க. 'சேலை வீசின அம்மா'ன்னு எழுதச் சொன்னேன்.

உன் கடிதத்தைப் படிச்சிட்டு ஜெனிஸைக் கட்டிக்கிட்டேன். எல்லாம் தெரிஞ்சு போச்சு, இனி சத்தியம் இல்லைன்னேன். அவ சொன்ன முதல் வார்த்தை, 'சித்தியை ஏசாதீங்கம்மா, சித்தியும் முங்கினாங்க'. மூணு மாசமா அந்தப் பிள்ளை இதை நெஞ்சுல வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கு. அந்தச் சத்தியத்துக்கு மட்டும் உன்மேல இன்னும் கோவம் இருக்கு. அதை நேர்ல வச்சுக்கிடுதேன்.

இப்போ நான் ஒண்ணு சொல்லணும். நாலு தடவை எழுதி நாலு தடவை கிழிச்சேன்.

ஜெனோவுக்கு நீச்சல் தெரியாதுளா.

ஜெனிஸுக்கும் தெரியாது. உங்க அத்தான் ஒருநாளும் சொல்லிக் குடுக்கலை. ஒவ்வொரு லீவுக்கும் 'நாளைக்கு, நாளைக்கு'ம்பாங்க. கல்யாண வீடு, துக்க வீட்டு அடியந்திரம், தூக்கம்னு லீவு முடிஞ்சிரும், பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருவாங்க. நான் சொல்லிக் குடுக்கலாம்னா எனக்கே தெரியாது. கடலுக்கு நூறு அடி தள்ளிப் பொறந்து வளந்த எனக்கு முட்டிக்கு மேல கடல் தெரியாது. பொம்பளைப் பிள்ளை கரையிலதான் நிக்கணும்னு நம்மளை வளத்த ஊர்தானே இது. வலை உலத்துறதும் கருவாடு காயப்போடுறதும் கரையிலதான், குளிக்குறது மட்டும் கடல்லயா?

ஆனா கப்பல்காரர் பொண்டாட்டி, கடற்கரைக்காரி, பிள்ளைக்கு நீச்சல் தெரியாதுன்னு சொல்ல முடியுமா? பேச்சித்தாய் கேட்டா தெரியும்பேன். ஸ்கூல்ல சுற்றுலாவுக்கு ஒரு ஃபாரம் தந்தாங்க, நீச்சல் தெரியுமான்னு கேட்டிருந்துச்சு, தெரியும்னு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். உங்கிட்டயும் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது பொய்யின்னு மறந்து போச்சு.

அவன் அந்தப் படியில நின்னு உங்கிட்டப் பொய் சொல்லலை. அவன் அம்மா ஊரெல்லாம் சொன்னதைக் கேட்டு வளந்த பிள்ளை. தனக்கு நீச்சல் தெரியும்னு நம்பித்தான் அடுத்த படியில கால் வச்சிருக்கான்.

பெத்தவளா இருந்தா கையை விட்டிருக்க மாட்டாளாம். உன் கையை விட வச்சதே பெத்தவதான்ளா. நான் எழுதின அந்த வரியைக் கிழிச்சு அடுப்புல போடு.

மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு யோக்கியதை இல்லை.

விஜிலா


போபால்
30.8.2025

அக்கா,

சுகம்தான். நல்லா, கொதிக்கக் கொதிக்கச் சுகமா இருக்கேன்.

மூணு மாசம்! ஏரிப் பக்கம் போற பஸ்ஸில ஏறமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரங்க பிள்ளையைக் கொஞ்ச நேரம் பிடின்னு நீட்டினா கையைப் பின்னால கட்டிக்கிடுவேன். நான் தொட்டா ஆகாதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். 'நீச்சல் தெரிஞ்ச பிள்ளையையே முங்க விட்டவ'ன்னு தினம் என்னை நானே ஏசினேன். இவங்க சமாதானம் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போனாங்க. கடைசியில பாத்தா பேச்சித்தாய்கிட்டப் பெருமை அடிக்கச் சொன்ன பொய்யா? என்ன அக்கா நீ? அத்தான் என்ன அத்தான்? தண்ணி மேலேயே சம்பாதிக்கிற மனுஷனுக்குப் பெத்த பிள்ளையை ஒரு நாள் தண்ணியில எறக்க நேரமில்லையா? அவங்க நம்பரைக் குடு, நான் பேசணும்.

உன் கடிதத்தைத் தூக்கி எறிஞ்சேன். கட்டிலுக்கு அடியில போயிட்டு. இவங்க குனிஞ்சு எடுத்துத் தந்தாங்க. 'மூணு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் நீ சத்தமாப் பேசுதே'ன்னாங்க. அப்புறம் நான் ரெண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

மன்னிக்கறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல நீ தண்ணியில எறங்கு. நீ கத்துக்கோ, அப்புறம் பிள்ளைங்களுக்குக் கத்துக்குடு. அது வரைக்கும் ஒரு வார்த்தை பெருமை பேசினே, தெரியும் சேதி!

அனிஷா


தூத்துக்குடி
14.9.2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

சுகம்தான், உடம்பு மட்டும் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது. காரணம் நீ.

நீச்சல் குளத்துல பொம்பளைங்களுக்குன்னு காலையில ஒரு மணி நேரம் விட்டிருக்காங்க. சேந்துட்டேன். சொல்லித் தர்ற பிள்ளை பேரு ஜெப்ஸி, இருபத்திரண்டு வயசு, ஊரு நாசரேத். செம்மண் தேரிக்காட்டுல, பனைமரத்தடியில வளந்தவ, கடற்கரைக்காரிக்கு நீச்சல் சொல்லித் தாரா! 'அக்கா, தண்ணியை அடிக்காதீங்க, அது உங்களை ஒண்ணும் சொல்லலையே'ங்கா. வந்த கோவத்துக்கு அவளை உள்ள தள்ளியிருப்பேன். அவ மிதப்பா, நான்தான் மிதக்கமாட்டேன். பதினோரு நாளாச்சு, இன்னும் கம்பியை விடலை.

உங்க அத்தான்கிட்ட நீ போன்ல பேசினது எனக்கு வந்து சேந்துட்டு. 'உன் தங்கச்சிக்கு இவ்வளவு வாயா'ன்னு கேட்டாங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வர்ற லீவுல முதல் பத்து நாள் எந்த விசேஷத்துக்கும் போறதில்லைன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க. பேச்சித்தாய்கிட்டயும் உண்மையைச் சொல்லிட்டேன். சிரிப்பாள்னு பாத்தா, 'எனக்கும் தெரியாதுக்கா, என்னையும் சேத்துவிடுங்க'ங்கா. நாளையில இருந்து அவளும் வாரா.

காலாண்டு லீவுக்கு நீ வா. முயல் தீவுக்கு ரெண்டு பிள்ளைங்களையும் நீ மட்டும் கூட்டிட்டுப் போ. நான் வரலை, வீட்டுல இருந்து சமைக்கேன். மே மாசம் போபாலுக்கு அனுப்புதேன். வேண்டாம்னு எழுதினே, அதை நான் படிக்கவே இல்லை.

ஜெனோ தினமும் என்கூட வந்து குளத்தங்கரையில கால் மடக்கி உக்காந்திருப்பான். தண்ணி தெறிச்சா எந்திரிச்சுத் தள்ளி உக்காருவான். நான் கூப்பிடுறதில்லை. இன்னைக்கு நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கி நிக்கேன், கிட்ட வந்து குனிஞ்சு கேட்டான், 'அம்மா, உங்களுக்கு நீச்சல் தெரியாதா?'ன்னு. சுத்தி அத்தனை பேரு நிக்காங்க.

'தெரியாதுலே'ன்னேன்.

'எனக்கும் தெரியாதும்மா'ன்னு சொன்னான். சொல்லிட்டு, என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு முதல் படியில கால் வச்சான்.

உன் அக்கா,
விஜிலா